பெங்களூரில் பெண்ணையாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கமிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்து, வைட்ஃபீல்டிலோ பெல்லந்தூரிலோ சர்ஜாபூர் ரோட்டிலோ வீடு பிடித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் ஊர் மாறியிருக்கிறீர்கள், ஆறு மாறவில்லை. உங்கள் ஊரில் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா நடக்கிறதே, அந்தத் தென்பெண்ணையின் மேல்பகுதியில்தான் இப்போது குடியிருக்கிறீர்கள்.

இங்கே பெண்ணையாறு எங்கே என்று கேட்டால் பதில் வராது. கர்நாடகத்தில் அதற்குப் பெயர் தட்சிண பினாகினி. அந்தப் பெயரைச் சொன்னால்கூட நகரத்துக்குள் இருப்பவர்கள் பலர் விழிப்பார்கள். வருடத்தில் பல மாதம் தண்ணீர் இல்லாத ஆற்றை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் வாடகைக்கு வீடு பார்க்கவும், மனை வாங்கவும், மழை நாளில் எந்த ரோட்டில் போகக் கூடாது என்று தீர்மானிக்கவும் இந்த ஆற்றின் நிலவியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில்: தண்ணீரைத் தேடாதீர்கள், சரிவைத் தேடுங்கள்

பெங்களூரும் கோலாரும் தும்கூரும் கன்னடத்தில் ‘பயலுசீமே’, அதாவது வெட்டவெளிச் சமவெளி நாடு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், மேட்டின் மேல் நிற்கும்போது தட்டையாகத்தான் தெரியும். வடக்கே நந்தி மலைத் தொடர். அங்கிருந்து புறப்படும் ஆறுகளின் பட்டியல் வியப்பானது. அர்க்காவதி தெற்கே போய்க் காவிரியில் சேர்கிறது. உத்தர பினாகினி ஆந்திராவுக்குப் போய் நெல்லூர்ப் பக்கம் கடலைத் தொடுகிறது. பாலாறு பிறப்பதும் அதற்குக் கிழக்கே, அதிகத் தொலைவில் இல்லை. நம்முடைய தட்சிண பினாகினி அந்தத் தொடரின் சென்னகேசவ மலையில் தொடங்கி, தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டே வழியாகத் தெற்கே இறங்கி, வைட்ஃபீல்டுக்கும் சர்ஜாபூருக்கும் கிழக்குப் புறமாக வந்து, பாகலூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அப்புறம் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகள். கபிலர் குன்று நிற்கும் திருக்கோவலூரைத் தாண்டிக் கடலூரில் கடல். மொத்தம் 400 கிலோமீட்டருக்கு மேல்.

இந்த ஆறு ஏன் விட்டுவிட்டு ஓடுகிறது? பனிமலை இல்லை, பெருங்காடு இல்லை. பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை, கோலார்ப் பக்கம் அதைவிடக் குறைவு. அதிலும் மே மாதத்து இடிமழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும்தான் கனமானவை. கீழே இருப்பது மிகப் பழைய கடும்பாறை. அதன் மேலே உதிர்ந்துபோன மண்ணும் சரளையும் கொண்ட அடுக்கு, அதில் மட்டுமே தண்ணீர் தங்கும். கிணறுகளில் மேலாகவே தண்ணீர் நின்ற காலத்தில், அந்த அடுக்கிலிருந்து ஆற்றுக்குள் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் சில மாதம் ஆறு ஈரமாக இருந்தது அதனால்தான். ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை ஆயிரம் அடிக்கும் கீழே துரத்திவிட்டன. இப்போது ஆற்றில் விழும் நீரை நிலம் உறிஞ்சிக்கொள்கிறது. ஹொஸ்கோட்டே, கோலார்ப் பக்கத்துத் தைலமரத் தோப்புகள் மீதும் விவசாயிகள் பழி சொல்வார்கள், அதில் நியாயம் உண்டு. 2017-ல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது.

ஆகவே ஆற்றைப் பார்க்கப் போகிறவர் பளபளக்கும் நீரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இங்கே ஆறு.

உங்கள் வீடு எந்தப் படுகையில் இருக்கிறது?

பெங்களூர் ஒரு முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வடக்கு வடகிழக்கிலிருந்து தெற்குத் தென்மேற்காக ஓடும் முகடு. வீட்டுக் கூரையின் உச்சி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கம் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகும். கிழக்குப் பக்கம் விழுவது பெண்ணைக்கு.

கெங்கேரி, ராஜராஜேஸ்வரி நகர், மைசூர் ரோடு என்றால் நீங்கள் காவிரிக்காரர். அல்சூர், கோரமங்களா, இந்திராநகர், பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, வர்த்தூர், ஹெப்பால், ஹொரமாவு, கே.ஆர்.புரம் என்றால் பெண்ணைக்காரர். கிழக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பள்ளத்தாக்குகள் உண்டு. ஒன்று ஹெப்பால் பள்ளத்தாக்கு. ஹெப்பால் ஏரியிலிருந்து நாகவாரா, கல்கெரே, ராம்புரா வழியாக எலே மல்லப்ப செட்டி ஏரிக்கு வரும். மற்றொன்று கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு, பெல்லந்தூர் ஏரியையும் வர்த்தூர் ஏரியையும் நிரப்புவது. மெட்ரோ ஊதா வழித்தடத்தின் மேற்கு முனையில் சல்லகட்டா என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது வேறு ஊர், மைசூர் ரோட்டுப் பக்கம். புதிதாக வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிழக்குப் பெங்களூரில் குழாயில் வரும் நல்ல தண்ணீர் காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார் போட்டு ஏற்றப்படுவது. குளித்து, பாத்திரம் கழுவி நீங்கள் வெளியே விடும் தண்ணீர் போவதோ பெண்ணைக்கு. குழாய்த் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்றுதான் பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கும் தண்ணீர் வர ஆரம்பித்தது. அவற்றில் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களின் கழிவுநீர் முழுக்கப் பெண்ணைச் சரிவில்தான் இறங்கும். இரண்டு மாநிலமும் காவிரிக்காக நீதிமன்றத்தில் நிற்கும்போது, சமையலறைத் தொட்டி வழியாகக் காவிரி தினமும் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, வர வேண்டிய வடிவத்தில் அல்ல.

அதனால் ஆறு இரண்டு துண்டாகிவிட்டது. ஹொஸ்கோட்டேக்கு மேலே மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு. வர்த்தூர் நீர் கலக்கும் இடத்துக்குக் கீழே வருடம் முழுக்க ஓடும் ஆறு. கீழ்ப்பகுதியில் கோடையிலும் தண்ணீர் இருப்பதைப் பார்த்து, பரவாயில்லையே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் நகரம் கழித்த நீர்.

வரைபடம்: மூன்று போதும்

முதலாவது சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடம். பெங்களூர் 57ஜி, 57ஹெச் தாள்களில் வரும். 1:50,000 அளவுத் தாள்களின் பி.டி.எஃப். ‘நக்ஷே’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் இருக்கும். கோடுகள் மேட்டை நோக்கி வளைந்து கூர்மையாகும் இடங்களை மட்டும் பென்சிலால் இணைத்துக்கொண்டே வாருங்கள். ஓடை வழி தானாகத் தெரிந்துவிடும். நீர் நிற்கும் இடத்தை நீலத்தில் காட்டியிருப்பார்கள், வறண்ட படுகையைக் கருப்பில். தட்சிண பினாகினி நெடுகக் கருப்பைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, கர்நாடக அரசின் ‘திஷாங்க்’ செயலி. இதுதான் உண்மையில் உயிர்காக்கும். நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணையும், பழைய கிராம வரைபடத்தில் அங்கே ஏரியோ கால்வாயோ வண்டிப்பாதையோ இருந்ததா என்பதையும் காட்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டு திறந்து பாருங்கள், சில இடங்களில் காலடியில் நீலம் தெரியும்.

மூன்றாவது கூகுள் எர்த்தின் பழைய படங்கள். 2000-களின் தொடக்கத்துப் படத்தையும் இன்றையதையும் மாற்றிமாற்றிப் பார்த்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

ஏரிச் சங்கிலியைப் படிப்பது

பெங்களூரில் ஆறு என்பது தனித்த ஒரு கோடு அல்ல, ஏரிகளின் தொடர். நம் ஊரில் ஏரி நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும் அல்லவா? அதே ஏற்பாடுதான் இங்கேயும். சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஏரி இங்கே ‘கெரே’. நிரம்பி வழியும் இடம் இங்கேயும் கோடிதான். ஏரிகளை இணைக்கும் பெரிய கால்வாய் ‘ராஜகாலுவே’. இந்த மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டால் விசாரித்து விசாரித்தே ஆற்றுக்குப் போய்விடலாம். “ஈ ராஜகாலுவே எல்லிகெ ஹோகுத்தே?” (இந்த ராஜகாலுவே எங்கே போகிறது?) என்று வயதானவர் யாரிடமாவது கேளுங்கள். ஹொஸ்கோட்டே, சர்ஜாபூர்ப் பக்கம் தெலுங்கும் தமிழும் புரியும், தயங்க வேண்டாம்.

ஏரிக்குப் போனதும் முதல் வேலை கரையைக் கண்டுபிடிப்பது. ஏரியின் ஒரு பக்கம் மட்டும் உயரமாக, நேராக, பெரும்பாலும் மேலே ரோடு போட்டு இருக்கும். அதுதான் கீழ்ப்பக்கம். கரையில் நின்று தண்ணீருக்கு முதுகைக் காட்டினால், உங்கள் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் ஆறு. முன்பு அங்கே நெல் வயல் இருந்திருக்கும். இப்போது அங்கே வீடுகள் இருந்தால், அவை ஆயக்கட்டு நிலத்தில் நிற்கின்றன என்று பொருள்.

பழகிப்பார்க்க அல்சூர் ஏரி நல்ல இடம். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அதன் எதிரேதான். 2009 ஆகஸ்டில் திறந்த திருவள்ளுவர் சிலையும் அந்தப் பக்கமே. இந்த ஏரி வழிந்தால் பெல்லந்தூருக்குப் போகும், பெல்லந்தூர் வர்த்தூருக்கு, வர்த்தூர் பெண்ணைக்கு. வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் தேங்கும் மழைநீர் கணக்குப்படி கடலூருக்குப் போக வேண்டியது.

நேரில் போகும் வழி

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். பெங்களூர் டிராஃபிக்கில் அது நடக்காது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வறண்ட பகுதி. கே.ஆர்.புரத்திலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் கோலார் நோக்கிப் போனால் ரோட்டை ஒட்டி எலே மல்லப்ப செட்டி ஏரி வரும். இன்னும் போனால் ஹொஸ்கோட்டே. ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன் நெடுஞ்சாலை ஒரு பாலத்தைத் தாண்டும். அதுதான் தட்சிண பினாகினி. சென்னைக்கு எத்தனையோ முறை பஸ்ஸில் போனவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். ரயிலில் சென்னையிலிருந்து வருபவர்கள் தேவன்கொந்திக்கும் வைட்ஃபீல்டுக்கும் நடுவே இதே ஆற்றைத் தாண்டுகிறார்கள். மெட்ரோவில் போகிறவர்கள் ஊதா வழித்தடத்தில் கடைசியாக வைட்ஃபீல்டு காடுகோடியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஹொஸ்கோட்டே போகலாம்.

பாலத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. பாலத்தின் நீளத்தையும் கீழே உள்ள ஈரத்தின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். பாலம் கட்டியவர் வெள்ளத்தைக் கணக்கில் வைத்துக் கட்டியிருப்பார், அவர் கணக்குதான் ஆற்றின் உண்மையான அகலம். தூண்களில் எந்த உயரம்வரை சேறும் குப்பையும் ஒட்டியிருக்கிறது, முள்வேலியில் எவ்வளவு உயரத்தில் பிளாஸ்டிக் தொங்குகிறது என்று பாருங்கள். கடைசி வெள்ளம் எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பு அது. படுகையில் மணல் குறைவாகத்தான் இருக்கும். இருந்ததும் அள்ளப்பட்டு, குழிகளில் சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கும் இடங்கள் உண்டு. படுகைக்குள் வரப்பு போட்டு யாராவது காய்கறி பயிரிட்டிருந்தால், சில ஆண்டுகளாக அங்கே பெரிய வெள்ளம் வரவில்லை என்று ஊகிக்கலாம். ஹொஸ்கோட்டே ஏரிக்கரையில் காலையில் பறவை பார்க்கிறவர்கள் கேமராவோடு நிற்பார்கள். ஏரி இந்த வருடம் நிரம்பியதா, எப்போது வற்றியது என்று கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

இரண்டாவது நாள் ஈரப் பகுதி. வர்த்தூர் ஏரியிலிருந்து தொடங்குங்கள். 2015-லும் 2017-லும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து எரிந்ததும், நுரை ரோட்டில் பறந்ததும் உலகச் செய்தி. அதன் பிறகு சுத்திகரிப்பு கூடியிருக்கிறது. 2018 முதல் இந்தப் பள்ளத்தாக்கின் சுத்திகரித்த கழிவுநீர் குழாயில் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. கோலாரின் வறண்ட கிணறுகளுக்கு அது நல்லது என்கிறார்கள் ஒரு சாரார், தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் இன்னொரு சாரார். என் எண்ணம்: ஏரிக்கு அனுப்புவது தவறில்லை, எந்த அளவு சுத்தம் செய்து அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயம்.

வர்த்தூரிலிருந்து சர்ஜாபூர், அங்கிருந்து முகளூர்ப் பாலம். இங்கே கோடையிலும் ஆறு ஓடும், மூக்கு முதலில் கண்டுபிடித்துவிடும். பிறகு பாகலூர் வழியாக ஓசூர்ப் பக்கம் இறங்கினால் கெலவரப்பள்ளி அணை. தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் நுரை பொங்குவது செய்தித்தாளில் அடிக்கடி வரும். அந்தப் படத்தை ஊரில் இருந்தபோது பார்த்திருப்பீர்கள். அந்த நுரைக்கு நம் குளியலறையிலிருந்தும் ஒரு பங்கு போகிறது என்பது இங்கே குடிவந்த பிறகுதான் உறைக்கும்.

காலம்: அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை மேல்பகுதியில் நீர் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நிலவியல் படிக்க வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரலில் ஒருமுறை போங்கள். படுகை திறந்து கிடக்கும், பாறையும் வண்டலும் தெளிவாகத் தெரியும். மழை பெய்துகொண்டிருக்கும்போது படுகைக்குள் இறங்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே ஏதோ ஏரி கோடி போய்த் தண்ணீர் வந்துவிடும்.

வீடு பார்ப்பவர்களுக்கு

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் வெளிவட்டச் சாலையும் சர்ஜாபூர் ரோடும் மூழ்கி, கணினி வேலைக்காரர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். மூழ்கியவை பெரும்பாலும் பெல்லந்தூர்–வர்த்தூர் சங்கிலியின் பள்ளங்கள். ஏரிகள் வரிசையாக நிரம்பி, அடுத்ததற்குப் போகும் ராஜகாலுவே குறுகியோ அடைபட்டோ இருந்தால், தண்ணீர் தன் பழைய வழியில்தான் போகும். அந்த வழியில் யார் வில்லா கட்டியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

வாடகைக்கு என்றால் இவ்வளவு பார்த்தால் போதும்: திஷாங்க் செயலியில் கட்டடத்தைச் சுற்றி எங்கே காலுவே இருக்கிறது, தெரு எந்தப் பக்கம் இறங்குகிறது, கீழ்த்தள வாகன நிறுத்தத்தின் சுவரில் நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது. புரோக்கரிடம் கேட்க வேண்டாம். காவலாளியிடமும் தெருமுனை டீக்கடைக்காரரிடமும் கேளுங்கள், “மழை வந்தால் அண்ணா, இங்கே எதுவரைக்கும் தண்ணீர் நிற்கும்?” என்று.

வாங்குவது என்றால் இன்னும் கவனம். பெங்களூர் 2015 மாஸ்டர் பிளானின்படி ஏரிக்கு 30 மீட்டர், ராஜகாலுவேயில் முதல்நிலைக்கு 50, இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் விட வேண்டும் என்றிருந்தது. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் இதைக் கூட்டியது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதலை ரத்து செய்தது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், பதிவு செய்யும் மாதத்தில் நடப்பில் உள்ளது எது என்று வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள். என்னைக் கேட்டால், சட்டம் எவ்வளவு விடச் சொன்னாலும், பழைய கிராம வரைபடத்தில் நீலமாக இருக்கும் இடத்தில் பணம் போட வேண்டாம்.

ஊருக்குப் போன் செய்யும் முன்

பெங்களூரில் கொட்டும் மழையைப் பார்த்துப் பதறி, ஆற்றோரம் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. நடுவில் மூன்று அணைகள் இருப்பதால் பெங்களூர் மழை அப்படியே சாத்தனூருக்குக் கீழே போய் இறங்குவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளத்துக்குப் பெரும்பகுதி நீர் தமிழ்நாட்டுக்குள் பெய்த மழை. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அங்கிருந்து வரும் பாம்பாறு கிருஷ்ணகிரி அணைக்குக் கீழேதான் பெண்ணையில் சேர்கிறது. ஆகவே மழைக்காலத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது பெங்களூர் வானத்தை அல்ல, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளின் நீர்வரத்து, வெளியேற்றக் கணக்கை. தமிழ்ச் செய்தித்தாள்களில் மழைக்காலம் முழுக்கத் தினமும் வரும்.

கெலவரப்பள்ளி வரை போகிறவர்களுக்குக் கடைசியாக: சாப்பாட்டை ஓசூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், வழியில் நல்ல கடை குறைவு. முழங்கால்வரை மூடும் ஷூ போடுங்கள். முகளூருக்குக் கீழே எங்கேயும் தண்ணீரில் கால் நனைக்க வேண்டாம், குழந்தைகளை இறக்கவே வேண்டாம். மேலே ஹொஸ்கோட்டேயில் மழைநீர் நிற்கும்போது நனைத்துக்கொள்ளலாம்.